ராட்டில் சுற்றிய கம்பளி

நுவரெலியாவிலிருந்து கல்முனைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறியில், லீக்ஸ் கட்டுகளுக்கும் கரட் மூட்டைகளுக்கும் நடுவே என் மனைவி எனக்கு ஒரு பொதி அனுப்பியிருந்தாள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, செப்டெம்பர் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. லொறிச் சாரதி எங்கள் மருதமுனைக்காரர். சைக்கிளில் போய் வாங்கிவந்து, கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிரித்தேன். பத்துச் சிட்டம், அதாவது வளையமாகக் கட்டிய பத்துக் கற்றை கம்பளி நூல், சாம்பல் கலந்த நீலம். இரண்டு சோடி அலுமினிய ஊசிகள், ஒன்று மெல்லியது, மற்றது சற்றுத் தடித்தது. நான்காக மடித்த ஓர் ஆங்கிலத் தாள். தாளின் முகப்பில் பொன்னிற முடி கொண்ட ஒரு பெண் சுவெட்டர் அணிந்து, வேலியொன்றில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றிலும் லீக்ஸ் மணந்தது.

எதையும் நாள் போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். எந்தப் பாவு எந்தக் கிழமை தறியில் ஏறியது, மாரி எப்போது பிடித்தது, நூலகத்தில் எடுத்த புத்தகத்தை எத்தனை நாளில் வாசித்து முடித்தேன், எல்லாம் கோடு போட்ட கொப்பிகளில் இருக்கின்றன. இந்தச் சுவெட்டரின் கதையையும் அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் நெசவாளி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தறிக்குப் போனவன். என் மனைவி படித்து முடித்தவள். அந்த ஆண்டு அவளுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தபோது, எங்கள் தெருவொழுங்கையிலிருந்து வெளி மாவட்டத்துக்குப் படிப்பிக்கப் போகும் முதல் பெண் அவள்தான். நியமனம் கிடைத்த இடம் நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. காலையில் பிள்ளைகள் வாயைத் திறந்தால் புகை வருகிறது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டில் அதை யாரும் நம்பவில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு அவள் வந்தபோது கூடவே இருமலும் வந்தது. பையில் ஒரு தவிட்டு நிறச் சுவெட்டர் இருந்தது. நுவரெலியாவில் நடைபாதையில் குவித்து வைத்து விற்கும் வெளிநாட்டுப் பழைய உடுப்பு. கழுத்தின் உட்புறத்தில் ஒரு நாடாத் துண்டு தைத்து, அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது.

"என்ன மச்சான், அப்பிடிப் பாக்கிறீங்க? குளிருக்கு ஆர்ட பேரா இருந்தா என்ன?" என்றாள்.

"நெசவுகாரன்ட பொண்டாட்டி ஊரான் கழட்டிப் போட்டதப் போடுறதா? நான் பின்னித் தாறன்."

அவள் இருமலுக்கு நடுவே சிரித்தாள். "மச்சான், இது தொப்பி இல்ல."

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு சைக்கிளோடு விழுந்து கால் முறிந்து ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தேன். வாட்டில் ஒரு தாதி ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பின்னிக்கொண்டிருப்பார். வாசிக்கக் கொண்டுபோன புத்தகங்கள் தீர்ந்த பிறகு, நான் அவரிடம் ஊசியைக் கேட்டு வாங்கினேன். அதன் பிறகு என் கையால் ஆனது பிறந்த குழந்தைகளுக்கான நான்கு தொப்பிகளும், என் தங்கையின் மகனுக்கு ஒரு சின்னச் சட்டையும்தான். வளர்ந்த மனிதர் உடம்பில் ஏறும் எதையும் நான் பின்னியதில்லை.

விடுமுறை முடிந்து பஸ் ஏறும்போது அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: "டிசம்பர்ல வந்தா, திரும்பிப் போவனா தெரியா மச்சான். படிப்பிக்கிறது புடிச்சிரிக்கி. குளிர்தான் ஏலா." நியமனத்தை ஒருமுறை விட்டால் மறுபடி கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அவள் போன பின்னர்தான் எனக்கு நினைவு வந்தது, அளவெடுக்கவில்லை என்பது. நெசவாளிக்கு முழக்கணக்குத்தான் தெரியும். உடம்பளவு தையற்காரனின் பாடு என்றே இருந்து பழகிவிட்டேன்.

இந்த இடத்தில் மனைவியின் தாயான மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் திருமணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வான். மனைவி மலையில் இருந்தாலும் நான் இருந்தது அவளுடைய வீட்டில்தான். மாமா விதைப்புக் காலம் முழுவதும் மாவடிப்பள்ளி வயலில் கிடப்பார், வெள்ளிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மாமியும் நானும்தான். அந்த வீட்டுப் பழைய வழக்கப்படி மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது கோபமல்ல, மரியாதை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பூனையிடம் சொல்வார்.

"பூனே, சோறு வெச்சாச்சி. ஆறினா ருசி இரிக்காது எண்டு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

மூன்று நிறப் பூனை. திருமணமாகி மூன்று ஆண்டுகளாக அந்தப் பூனை வழியாகவே நான் சாப்பிட்டேன், குடை எடுத்துப் போனேன், மீன் வாங்கி வந்தேன். மகள் மலைக்குப் போனது மாமிக்குத் துளியும் விருப்பமில்லை என்பதையும் பூனை மூலமாகவே அறிந்தேன். "குளிருல கெடந்து இருமவா எண்ட புள்ள படிச்ச? டிசம்பர்ல வரட்டும். இனி விடுறல்ல பூனே, ஓம், சொல்லிட்டன்."

ஆக, சுவெட்டர் பின்னுவது ஒரு சட்டையைப் பின்னும் காரியமாக மட்டும் இருக்கவில்லை. அவள் ஜனவரியில் திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அதை வாய்விட்டுச் சொல்லும் வசதியும் எனக்கு இல்லை.

தாளை வாசிக்க ஒரு வாரம் எடுத்தது. ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன், அகராதி இருந்தால் இன்னும் கொஞ்சம். ஆனால் அந்தத் தாளில் இருந்தவை சொற்களே அல்ல. ஒற்றை எழுத்துகளும் எண்களும் நட்சத்திரக் குறிகளும்தான். நூலகத்தில் மூன்று அகராதிகளைப் புரட்டியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தாளின் அடியில் எறும்பு வரிசைபோல அச்சிட்டிருந்த விளக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எழுத்துகளின் விளக்கம் அங்கேதான் இருந்தது. அது விளங்கியதும் மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதியாகிவிட்டது. தறியில் கரை போடும்போது எத்தனை இழை தூக்குவது, எத்தனை இழை விடுவது என்று எண்ணுகிறோமே, அதே கணக்குத்தான். முதுகுப்புறம், முன்புறம், இரண்டு கை, கழுத்து என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் எத்தனை கண்ணி என்று ஒரு கொப்பியில் தமிழில் எழுதினேன். நேர்க் கண்ணிக்கு ஒரு கோடு, புறக் கண்ணிக்கு ஒரு புள்ளி. முப்பத்தொரு பக்கம் வந்தது. வேலை தொடங்குமுன்பே அந்தக் கொப்பியைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அளவுக்கு அவளுடைய பழைய சட்டையொன்றை அலுமாரியிலிருந்து எடுத்து, பாயில் விரித்து அளந்தேன். தாளில் மூன்று அளவுகள் கொடுத்திருந்தார்கள். நடு அளவு பொருந்தியது.

பிறகு நூலைச் சுற்றினேன். இங்கேதான் நான் பிழை விட்டேன். அது பிழை என்று அப்போது எனக்குச் சொல்ல ஊரில் ஒருவரும் இருக்கவில்லை, ஏனென்றால் ஊரில் எல்லோரும் நெசவாளிகள்.

தறியில் ஊடை நூலை ராட்டில் சுற்றும்போது இறுக்கிச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் நூல் சரிந்து சிக்கிக்கொள்ளும். இறுக்கமும் ஒழுங்கும்தான் ஒருவருடைய கையைக் காட்டும். பத்துச் சிட்டத்தையும் தறிக்கொட்டிலுக்குக் கொண்டுபோய், ராட்டில் மாட்டி, நூலை விரல் நடுவே பிடித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். கம்பளி விரலுக்கடியில் கொஞ்சம் நீண்டு கொடுத்தது. அறாமல் நீளுகிறதே, நல்ல நூல் என்று மெச்சிக்கொண்டேன்.

பக்கத்துத் தறிக்காரர் எட்டிப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன், வாய் சும்மா இருக்காது.

"என்ன மச்சான், பொண்டாட்டி மலையேறினாப் போல நீ பொம்புளயாகிட்டியா? ஊசியும் கையுமாத் திரியிறியாம்."

"காக்கா, கல்முனைக்குடிக் கடக்கரையில வலை பொத்துற ஆக்கள் எல்லாம் ஆரு? அவங்கட கையிலயும் ஊசிதான் இரிக்கி. அங்க போய் இதக் கேட்டுட்டு முழுசா வாங்க பாப்பம்."

கொட்டில் முழுக்கச் சிரித்தது. காக்காவும் சிரித்தார். பிறகு நான் சுற்றி வைத்த நூற்கண்டு ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இரிக்கி. சுத்துறதெண்டா இப்பிடிச் சுத்தணும்" என்றார். அன்றைய குறிப்பில் அந்தப் பாராட்டையும் எழுதியிருக்கிறேன்.

தாளில் சொல்லியபடி முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னினேன். நான்கு அங்குலத்துக்கு இருபத்திரண்டு கண்ணி வர வேண்டும். அளந்தேன். இருபத்திரண்டு. ஒரு நூலிழைகூட வித்தியாசமில்லை. அந்தத் துண்டை நனைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஒக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, முதுகுப்புறத்துக்கு நூற்றுநான்கு கண்ணி ஏற்றினேன். பகலில் தறி, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பின் ஊசி. முன்விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து பின்னுவேன். ஒளித்து வைத்துப் பின்ன எனக்கு மனம் வரவில்லை. ஒழுங்கையால் போகிற பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்துத் தங்களுக்குள் சிரிப்பார்கள். ஒருமுறை ஒருத்தி நின்று, "உங்கட மருமகன் நல்லா மலிவாக் கெடச்ச மருமகன், சமையலும் தெரியுமாகா?" என்று மாமியிடம் கேட்டாள். மாமி என்ன பதில் சொல்லப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"உண்ட மருமகனுக்கு என்னகா தெரியும், படுக்கிறதத் தவிர?" என்றார் மாமி.

எனக்காக அவர் வாய் திறந்து கேட்டது அதுவே முதல் தடவை. ஆனால் அன்று மாலையே பூனைக்குச் சொன்னார்: "பின்னட்டும், பின்னட்டும். எத்தினை பின்னினாலும் எண்ட புள்ள போகமாட்டாள்."

முதுகுப்புறம் ஒக்டோபர் முடிவதற்குள் முடிந்தது. நூற்று எழுபத்திரண்டு வரி. முன்புறம் நவம்பர் மூன்றாம் வெள்ளியில் முடிந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். விளிம்போடு விளிம்பு ஒட்டியது. பத்தொன்பது அங்குல அகலம், இருபத்துமூன்று அங்குல நீளம். தாளில் இருந்த பெண்ணைப் பார்த்து நானும் ஒருமுறை சிரித்தேன்.

மறுநாள் மாரி கொட்டியது. ஓடு விலகிய இடத்தால் நீர் வடிந்து, முதுகுப்புறம் வைத்திருந்த பெட்டி நிறைந்துபோனது. பெரிதாகக் கவலைப்படவில்லை, கம்பளிதானே, காயும் என்று உள்ளே கொடியில் போட்டேன். மூன்று நாளாகக் காய்ந்தது. செவ்வாய்க்கிழமை எடுத்து, முன்புறத்தின் மேல் வைத்தேன். முன்புறம் நான்கு பக்கமும் வெளியே நின்றது.

அளந்தேன். மறுபடி அளந்தேன். அகலம் பதினேழு அங்குலமும் கொஞ்சமும். நீளம் இருபத்தொன்று. நான் எண்ணிய கண்ணிகள் ஒன்றும் குறையவில்லை, நூற்றுநான்கும் இருந்தன. ஆனால் துணி சிறுத்துவிட்டது. அது ஒரு பள்ளிப் பிள்ளைக்கு ஆகும். ஆசிரியைக்கு ஆகாது.

முதலில் நூல் விற்றவனைச் சந்தேகித்தேன். பிறகு தாளை. என்னை நான் சந்தேகிக்க இரண்டு நாள் சென்றது. வியாழக்கிழமை, இன்னும் பின்னாத ஒரு கண்டிலிருந்து பத்து முழம் அளந்து வெட்டினேன். சுடுதண்ணீரில் போட்டு, பிழியாமல் எடுத்து, அடுப்பங்கரையில் காயவைத்து, திரும்ப அளந்தேன். ஒன்பது முழமும் ஒரு சாணும்கூட வரவில்லை. அப்போதுதான் ராட்டின் நினைவு வந்தது. விரலுக்கடியில் நூல் நீண்டு கொடுத்ததும், நான் மெச்சியதும் நினைவு வந்தன. நான் கம்பளியை இழுத்து, கல்லுப்போலச் சுற்றி, இழுபட்டபடியே பின்னி, இழுபட்டபடியே அளந்திருக்கிறேன். நனைந்ததும் அது தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது. பருத்தி இப்படிச் செய்யாது. வாழ்நாளெல்லாம் பருத்தியைத் தொட்ட கை எனக்கு.

கொட்டிலில் சொன்னபோது காக்கா தறியை நிறுத்தினார். அவருக்கும் அது தொழில் தொடர்பான துக்கம்தான்.

"நானும்தானே பாத்துக் கல்லு மாதிரி இரிக்கெண்டு சொன்னன்," என்றார். பிறகு, "உடு மச்சான். அவ வர இன்னும் மூணு கிழமைதான் கெடக்கு. ஊருக்குள்ள ஆருக்குத் தெரியப்போகுது? அந்தப் பழைய சுவெட்டரையே போட்டுட்டுப் போகட்டும்."

"போகட்டும் எண்டு நீங்க சொல்றீங்க. அவ போகமாட்டா காக்கா. அதுதானே பிரச்சின."

அன்று வீட்டுக்கு வந்து, விறாந்தையில் உட்கார்ந்து, இரண்டு துண்டுகளையும் அவிழ்த்தேன். ஏழு கிழமை வேலை. அவிழ்க்க ஒரு மாலைப்பொழுது போதுமாக இருந்தது. சுருள் சுருளாக வந்த நூலையும் மீதிக் கண்டுகளையும் மறுபடி சிட்டமாக்கி, எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து, விறாந்தைக் கொடியில் தொங்கவிட்டேன். நேராகக் காய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சிட்டத்தின் அடியிலும் ஒரு கல்லைக் கட்டினேன். இதுவும் தறிக்காரன் வழக்கம்தான்.

காலையில் கொடி வெறுமையாக இருந்தது. கற்கள் ஒரு வரிசையாகச் சுவரோரம் கிடந்தன. குசினிப் பக்கம் போனேன். பத்துச் சிட்டமும் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பில், புகை படாத ஓரத்தில், தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. மாமி எனக்கு முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஈரத் தலைய இழுத்துக் கட்டினா காஞ்சாப் போல என்ன நடக்கும் பூனே? இழுத்துத்தான் கெட்டுச்சி, மறுகாவும் கல்லக் கட்டி இழுக்கிறாங்க. சில ஆக்களுக்குப் புத்தகம் படிச்சாலும் புத்தி வாறல்ல."

நான் கதவோரம் நின்று, பூனையைப் பார்த்துச் சொன்னேன்: "பூனே, விளங்கிட்டு. அல்லாஹ் அவங்களுக்கு நல்ல சுகத்தக் குடுக்கட்டும்."

தேங்காய் துருவும் சத்தம் ஒரு கணம் நின்றது. "அதுக்காக அவள் போவாள் எண்டு நெனைக்க வேணாம்," என்று பூனைக்குச் சொன்னார். சத்தம் மறுபடி தொடங்கியது.

இந்த முறை நூலை ராட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கையாலேயே, விரலைச் சுற்றி, ஒரு குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலத் தளர்வாகச் சுற்றினேன். என் கைக்கு அது பொய்வேலை செய்வதுபோலக் கூச்சமாக இருந்தது. மாதிரித் துண்டைப் பின்னி, நனைத்து, காயவைத்து, பிறகு அளந்தேன். இப்போது நான்கு அங்குலத்துக்கு இருபத்துமூன்றரைக் கண்ணி. ஆகவே தாளில் இருந்த பெரிய அளவின் கணக்கை எடுத்து, இந்த நெருக்கத்துக்கு ஏற்ப மாற்றி, கொப்பியில் புதிதாக முப்பத்தொரு பக்கம் எழுதினேன். இந்த இரண்டாவது கணக்கு தாளிலும் இல்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது என்னுடைய கணக்கு.

மாரியில் பாவு காயாது என்பதால் தறி பெரும்பாலும் நின்றிருந்தது. எனக்கு அது நல்லதாயிற்று. ஒரு நாளைக்குக் குறைந்தது முப்பத்தைந்து வரி என்று முடிவு செய்து, பின்னி முடித்த வரிகளை அன்றன்றே குறித்தேன். குறைந்த நாள் முப்பத்தொன்று, கூடிய நாள் ஐம்பத்திரண்டு. முதுகுப்புறம் ஐந்து நாளில் முடிந்தது. முன்புறமும் அப்படியே. ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் நனைத்து, அடுப்புக்கு மேல் போட்டு, காய்ந்த பிறகு அளந்தேன். நனைக்குமுன் என்ன அளவோ, பின்னும் ஏறக்குறைய அதே அளவு. டிசம்பர் இரண்டாம் வாரம் இரண்டு கைகளையும் முடித்து, ஐந்து பகுதியையும் தைத்தேன். அவள் சனிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்திருந்தது.

புதன்கிழமை, தைத்து முடித்த சுவெட்டரைக் கதிரை முதுகில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பயம் வந்தது. அங்குலக் கணக்குச் சரி. ஆனால் கதிரைக்குத் தோள் இல்லை, கையும் இல்லை. ஒரு வளர்ந்த மனுஷியின் உடம்பில் ஏறிப் பார்க்காமல் இது பொருந்துமா என்று எப்படித் தெரியும்? என் மனைவியும் மாமியும் ஒரே உடல்வாகு. பின்னால் இருந்து பார்த்து, தாயை மகள் என்று நினைத்துக் கூப்பிட்டவர்கள் ஒழுங்கையில் பலர். சரியான அளவுள்ள ஆள் குசினிக்குள்ளேயே நிற்கிறார். அவரிடம் நான் கேட்க முடியாது. கேட்டால் அந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. சுவெட்டரை மடித்து, குசினி வாசலில் இருந்த பலகையில் வைத்தேன். பூனை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"பூனே, இது அளவோ இல்லயோ எண்டு ஒராள் போட்டுப் பாத்தாத்தான் தெரியும். நான் பள்ளிக்குப் போறன். வர ஒரு மணித்தியாலம் ஆகும்."

நான் போய்விட்டேன். தொழுகை முடிந்தும் பள்ளிவாசலில் தேவைக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது சுவெட்டர் அதே பலகையில், அதே மடிப்பில் இருந்தது. யாரும் தொடவில்லையே என்று மனம் விழுந்தது. எடுத்து விரித்தேன். வலது கையின் நுனி உட்புறமாக இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, ஊசிப்பின் குத்தியிருந்தது. இடது கையிலும் அப்படியே. வேறெங்கும் பின் இல்லை. முகத்தருகே கொண்டுபோனேன். கழுத்துப் பக்கம் மாமி பூசும் கற்பூரத் தைலத்தின் மணம் இருந்தது.

கை இரண்டு விரல் நீளம், மற்றதெல்லாம் அளவு. என் முப்பத்தொரு பக்கக் கணக்குக்கு ஒரு பரீட்சகர் கொடுத்த புள்ளி அது. வியாழனும் வெள்ளியும் இருந்து கை நுனிகளை அவிழ்த்து, பதினான்கு வரி குறைத்து, மறுபடி பின்னி முடித்தேன்.

சனிக்கிழமை மாலை அவள் வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்போடு, இருமலோடு. முகம் கழுவி வந்ததும் மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதைத் தொடாமல் பார்த்தாள். பிறகு ஆசிரியை ஆகிவிட்டாள். உள்ளுக்கு வெளியே புரட்டி, ஒவ்வொரு தையலாக விரலால் ஓட்டிப் பார்த்தாள். கழுத்தின் உட்புறத்தைத் தேடினாள்.

"இதில ஒரு பேரும் இல்லயே மச்சான்."

"போடு. பேர் தன்னால வரும்."

போட்டாள். எங்கள் ஊர் டிசம்பர் புழுக்கத்தில், மேசை விளக்கின் பக்கத்தில், நெற்றி வியர்க்க நின்றாள். தோள் தோளில் இருந்தது. கை மணிக்கட்டில் வந்து நின்றது. அவள் இரண்டு கைகளையும் நீட்டி, மடக்கி, கரும்பலகையில் எழுதுவதுபோல உயர்த்திப் பார்த்தாள்.

"அளவெடுத்த மாதிரி இரிக்கி. நீங்க அளவெடுக்கவே இல்லயே. எப்பிடி?"

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். "கணக்குத்தான்," என்றேன். குசினியில் ஒரு பாத்திரம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

ஆனாலும் அதோடு காரியம் முடிந்துவிடவில்லை. விடுமுறை ஓடியது. இருமல் குறைந்தது. ஜனவரி பிறந்தது. திங்கட்கிழமை விடியப் பஸ். அதற்கு முன்தின ஞாயிறு காலை வரை அவளுடைய பை திறந்தபடி வெறுமையாகக் கட்டிலில் கிடந்தது. இன்னும் இரண்டு கிழமையில் நோன்பு. அந்தக் குளிரில், அந்நிய ஊரில், தனியாக எப்படி நோன்பு பிடிப்பது என்பதே மாமியின் கடைசி வாதம். அவள் என்னிடம் சொன்னாள்: "உம்மா வேணாமெண்டா நான் போறல்ல மச்சான். அவட மனச முறிச்சிட்டுப் போய் நான் என்னத்தப் படிப்பிக்கிற?" எனக்குச் சொல்ல இருந்ததையெல்லாம் பின்னிவிட்டேன்.

முற்பகல், நான் விறாந்தையில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டபடி மாமி வந்தார். குசினிக் கதவைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, விறாந்தை வரைக்கும் வந்தார். கையில் சுவெட்டர். பூனை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மருமகன், இந்தக் கழுத்த இன்னும் ரெண்டு விரல் உசத்தி வெக்கேலாதா? நான் போட்டுப் பாத்தன். இதில கழுத்து தொறந்து கெடக்கு. அங்க காத்து கழுத்தாலதான் பூரும்."

"ஏலும் மாமி. இண்டைக்கே செய்து தாறன்."

"காலத்தால அவ பஸ்ஸுக்குப் போகணும். சுறுக்காச் செய்ங்க. நோன்புக்குச் சம்பல் இடிச்சிக் குடுக்கணும், எனக்கும் வேல கெடக்கு."

அவ்வளவுதான். சுவெட்டரை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனார். என் மனைவி அறைக் கதவோரம் நின்று இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்ப் பையை இழுத்து அடுக்கத் தொடங்கினாள். நான் மீதமிருந்த நூலை எடுத்து, கழுத்து விளிம்பைச் சுற்றி மெல்லிய ஊசியால் கண்ணிகளை எடுத்து, ஒவ்வொரு வரியாக எண்ணிப் பின்னத் தொடங்கினேன். குசினியில் உரல் இடிபட்டது. இரண்டு வேலையும் அசருக்கு முன் முடிந்தன.

திங்கட்கிழமை விடிய, மருதமுனைப் பிரதான வீதியில், அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மலை ஏறத் தொடங்கியதும் போட்டுக்கொண்டதாகப் பிறகு எழுதினாள். சக ஆசிரியைகள் கடையின் பெயர் கேட்டார்களாம். அவள் அந்தப் பாடசாலையில் இன்னும் மூன்று ஆண்டுகள் படிப்பித்துவிட்டு, மாற்றம் பெற்று ஊருக்கு வந்தாள்.

பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பூனே, தேத்தண்ணி வெச்சிரிக்கி."

குடித்துவிட்டுக் கொப்பியை எடுத்தேன். முந்திய நாளின் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் எழுதினேன்: ஞாயிறு. கழுத்து, பதினொரு வரி. மீதி நூல், அரைச் சிட்டத்துக்குக் குறைவு. கேட்டவர், மாமி. என்னிடமே கேட்டார்.